ஊழும் ஒரு பழைய பேக்கிங்கும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்துக்குக் காய்கறியும் வாழைத்தாரும் திராட்சையும் போகும் வழி மலைவழிதான். லோயர்கேம்ப்பைத் தாண்டிக் குமுளிக்கு ஒரு சாலை, கம்பம்மெட்டுக்கு ஒன்று, போடியிலிருந்து 17 கொண்டையூசி வளைவுகளோடு போடிமெட்டுக்கு ஒன்று. ஏறும்போது லாரிக்கு எஞ்சின் துணை. இறங்கும்போது பிரேக்கும் கியரும்தான் துணை. இந்தச் சாலைகளில் ஒரு லாரி கவிழ்ந்தால் இரண்டு பேச்சு எழும். பிரேக் பிடிக்கவில்லை என்பது ஒன்று, அவன் நேரம் சரியில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் விதிதான் காரணம் என்றால், பட்டறையில் அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவருக்குப் பொறுப்பு ஏதும் மிஞ்சுகிறதா? விதியை முழுமையாக நம்புகிறவர்கூட அந்தப் பொறுப்பைக் கைகழுவ முடியாது என்பதே என் வாதம்.

முதலில் வேலையைப் பார்ப்போம். கனரக லாரியின் பின் ஆக்சிலில், லோடின் பாரத்தை ஹவுசிங்கும் ஹப் பேரிங்கும் தாங்குகின்றன. ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே. பல லாரிகளில் பிரேக் லைனர் மாற்ற ஹப்பைக் கழற்ற வேண்டும், அதற்குமுன் ஷாஃப்ட்டை உருவ வேண்டும். ஷாஃப்ட்டின் தலை ஹப்போடு சேரும் இடத்தில் மெல்லிய பேக்கிங் ஒன்று இருக்கும். ஹப்பின் உட்புறத்தில் ஆயில் சீல். ஒருமுறை போல்ட்டின் இறுக்கத்தில் நசுங்கிய பேக்கிங் அந்த முகத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்பப் படிந்துவிடுகிறது. எடுத்து மறுபடி வைத்தால் அதே இடத்தில் அதேபோல் உட்காராது. பேக்கிங் விட்டால் ஆயில் வெளியே கசிந்து சக்கரத்தில் கோடிடும், யாரும் பார்க்கலாம். சீல் விட்டால் டிரம்முக்குள் இறங்கி லைனரை நனைக்கும், யாருக்கும் தெரியாது. நனைந்த பக்கம் பிடிமானம் குறைய, பிரேக் மிதிக்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நீண்ட இறக்கத்தில் சூடு ஏறுகிறது, ஆயில் இளகுகிறது. ஹவுசிங்கின் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே அழுத்தமும் கூடிச் சீலைத் தள்ளுகிறது. சமவெளியில் மாதக்கணக்கில் தெரியாத குறை, மலையிறக்கத்தில் வெளிப்பட்டுவிடும்.

இரண்டு பட்டறைகளை நினைத்துக்கொள்வோம். இரண்டிலும் பழைய பேக்கிங்கையும் தேய்ந்த சீலையும் அப்படியே மாட்டி அனுப்புகிறார்கள். ஒரு லாரி மதுரைச் சாலையிலேயே ஓடிப் பிழைக்கிறது. மற்றது குமுளி இறக்கத்தில் ஓர் உயிரை வாங்குகிறது. இருவர் செய்ததும் ஒன்று. ஆனால் ஒருவரைத்தான் ஊர் தூற்றுகிறது. 1976இல் தத்துவவாதிகள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இந்தச் சிக்கலைத்தான் எழுப்பினார்கள். நேகலின் உதாரணங்களில் ஒருவர், பிரேக்கைச் சோதிக்காமல் விட்ட லாரி ஓட்டுநர். குறுக்கே குழந்தை ஓடிவந்தால் அவர் வாழ்நாள் குற்றவாளி, வராவிட்டால் சாதாரண மனிதர். சட்டமும் விளைவைப் பார்த்தே எடைபோடுகிறது. அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு 2 ஆண்டுவரை சிறை என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு 5 ஆண்டுவரை என்கிறது. யாரும் சாகவில்லை என்றால் அந்தப் பிரிவுக்கு வேலையே இல்லை.

இதற்குப் பதில் தேடக் கடல் கடக்க வேண்டியதில்லை. கூடலூருக்கு மேலே மலைமுடியில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது. சித்திரா பௌர்ணமியன்று பளியன்குடி வழியாக மக்கள் நடந்து ஏறுகிறார்கள். ஊழ்வினை தப்பாமல் வந்து சேரும் என்பதைத் தன் மூன்று செய்திகளில் ஒன்றாக அறிவித்துக்கொண்ட சிலப்பதிகாரக் காப்பியத்தின் நாயகி அவள். அவள் கணவன் கோவலன் கொலைக்கு முற்பிறவிக் காரணம் உண்டு என்று மதுராபதித் தெய்வம் சொல்கிறது. யாரிடம்? இழந்து நிற்கும் கண்ணகியிடம். பாண்டியனுக்கும் ஒரு சாக்கு இருந்தது: வினை முற்றிய காலம் என்பதாலேயே அவன் அப்படி ஆணையிட்டான் என்று இளங்கோவே எழுதுகிறார். ஆனால் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது, அவன் ஊழையும் காட்டவில்லை, பொற்கொல்லன்மேலும் பழி போடவில்லை. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்று ஏற்றான். ஊழ், இழந்தவருக்குச் சொல்லப்படும் ஆறுதல். செய்தவர் எடுத்துக்கொள்ளும் விடுதலை அல்ல. காப்பியம் இந்த வேறுபாட்டைக் கறாராகக் காக்கிறது.

எளிய மெக்கானிக்கிடம் அரசனின் நீதியைக் கேட்பது கொடுமை அல்லவா என்று கேட்கலாம். இரவுக்குள் லோடு ஏற வேண்டும், இருப்பதை வைத்து ஓட்டு என்று உரிமையாளர் சொன்னால் அவர் என்ன செய்வார்? நியாயமான கேள்வி. குறை தெரிந்தும் அவசரப்படுத்தியவர் பொறுப்பில் பெரும்பங்கை ஏற்கிறார். ஆனால் அதற்கு, குறையை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத குறை முழுவதும் கழற்றிப் பார்த்தவர் கணக்கில்தான் நிற்கும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் இயந்திரம் ஏமாற்றும் என்பது அடுத்த வாதம். அதுவும் உண்மை, ஊழுக்கு இடம் இருப்பதும் அங்கேதான். வள்ளுவர் ஒரே நூலில் ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தையும் ஆள்வினையுடைமைக்கு 62ஆம் அதிகாரத்தையும் கொடுத்ததில் முரண் இல்லை. கைக்கு எட்டாதது முன்னதில், கைக்கு எட்டுவது பின்னதில். ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்குப் பொட்டு வைப்பதும், மலையேறுமுன் எலுமிச்சம்பழத்தை டயரில் நசுக்குவதும் கைக்கு எட்டாததற்கான வேண்டுதல்கள். கைக்கு எட்டிய ஆயில் சீலையும் அந்த எலுமிச்சையின் பொறுப்பில் விடுவது பக்தி ஆகாது.

ஆகவே இந்தத் தர்க்கம் அதிகம் உறுத்த வேண்டியது விபத்து நேர்ந்த பட்டறையை அல்ல, தப்பித்த பட்டறையை. அவருக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம், அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. தண்டனையில் இருவருக்கும் வேறுபாடு இருக்கலாம். சட்டம் விளைவை அளக்காமல் இயங்காது. ஆனால் மனசாட்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அடுத்த லாரி வந்து நிற்கும்போது பழைய பேக்கிங்கைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதியதை வைக்க, ஒரு சாவு நடந்திருக்க வேண்டும் என்பதில்லை.