காணாதவன் சாட்சி

ஒரு மனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டதை விசாரியாமல் பரப்புவது பாவம் என்பதை நாம் அறிவோம். அவர் செய்த வேலையைப் பற்றி அவ்வாறு பேசினால்? ஒரு நூலையோ திரைப்படத்தையோ காணாமலே தூற்றினால், அதற்கும் மறுமையில் கணக்கு உண்டா? அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் எந்த வேலைக்குப் பின்னாலும் ஒரு மனிதர் நிற்கிறார் அன்றோ!

1987ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ‘இஷ்தார்’ என்றொரு நகைச்சுவைப் படம் வெளியாயிற்று. எழுதி இயக்கியவர் எலைன் மே என்னும் பெண்மணி. டஸ்டின் ஹாஃப்மனும் வாரன் பீட்டியும் நடித்திருந்தனர். திறமையற்ற இரண்டு பாட்டுக்காரர்கள் பிழைப்புத் தேடி மொராக்கோ செல்கிறார்கள்; கற்பனையான ஓர் அமீரகத்தின் அரசியல் குழப்பத்திலும் அமெரிக்க உளவுத்துறையின் வலையிலும் சிக்குகிறார்கள். இதுவே கதை.

படம் திரைக்கு வருமுன்னரே அதன் செலவு பத்திரிகைகளில் அடிபட்டது. 5 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய படம், வட அமெரிக்கத் திரையரங்குகளில் ஈட்டியதோ சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர்தான். விமர்சகர் பலர் கடுமையாகச் சாடினர். ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரங்களுக்கு அரை நட்சத்திரமே அளித்தார். நியூயார்க் டைம்ஸில் ஜேனட் மாஸ்லின் நிதானமாக எழுதினார். ஆயினும் ‘இஷ்தார்’ என்ற பெயரே தோல்விக்கு மறுபெயராகிவிட்டது.

ஈபர்ட்டை நாம் குறை கூற இயலாது. அவர் படத்தைப் பார்த்தார். தாம் கண்டதைச் சொன்னார். குறையை எடுத்துரைப்பது நம் மார்க்கம் அறியாத ஒன்றன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர்களின் குறைகளை ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்தார்கள். ஆனால் ஆராய்ந்து அறிந்த பின்னரே பேசினார்கள். தேவைக்கு மேல் பேசுவதைத் தவறென்றும் கருதினார்கள். விமர்சகன் ஒரு சாட்சி. காணாதவன் எப்படிச் சாட்சியாவான்?

கேரி லார்சன் என்ற கேலிச்சித்திரக்காரர், நரகத்தில் ஒரு வீடியோக் கடை இருப்பதாகவும், அதன் அலமாரி முழுவதும் இந்த ஒரே படம் இருப்பதாகவும் வரைந்தார். உலகம் சிரித்தது. வரைந்தபோது அவர் அப்படத்தைப் பார்த்திருக்கவே இல்லை! பின்னர் ஒரு விமானப் பயணத்தில் பார்த்தார், ரசித்தார், வெளிப்படையாக வருத்தமும் தெரிவித்தார். அது பெருந்தன்மையே. ஆயினும் சிரித்தவர் அனைவரிடமும் அந்த வருத்தம் போய்ச் சேர்ந்திருக்குமா?

தம் படத்தை வெறுப்பவர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருந்தால் தாம் செல்வச் சீமாட்டி ஆகியிருப்பேன் என்று எலைன் மே பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொன்னார். அந்த வேடிக்கைக்குள் ஒரு வேதனை இருக்கிறது. ‘இஷ்தாரு’க்குப் பின் அவர் இயக்கிய கதைப்படம் எதுவும் வெளிவரவில்லை. 2022இல், 89ஆம் வயதில், அவருக்குக் கௌரவ ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது.

படத்தில் குறையே இல்லை என்பது நம் வாதமன்று. அரபு மொழி அறியாத ஒருவன் அரபு மொழிபெயர்ப்பாளனாக நடித்து, வாய்க்கு வந்ததை உளறும் காட்சி ஒன்று உண்டு. நமக்கு அது நெருடவே செய்யும். அதே படம், கொடுங்கோல் அமீரைத் தாங்கிப் பிடிக்கும் வல்லரசின் சூழ்ச்சியையும் நையாண்டி செய்கிறது. நீதியுள்ள தராசு இரண்டையும் நிறுக்கும். செலவுக் கணக்கு இவற்றில் எதைக் காட்டும்?

நம்பத்தகாதவன் செய்தி கொண்டு வந்தால் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறும், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாமென்றும் திருமறையின் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் அறிவுறுத்துகிறது. அதை நம் இல்லங்களில் ஓதுகிறோம். அதே இல்லங்களில்தான், “அவர் பயான் சரியில்லையாம்”, “அந்தக் கடைச் சரக்கு மட்டமாம்”, “அந்தப் பெண்ணுக்குப் பொறுமை போதாதாம்” என்றும் பேசுகிறோம்.

நம் தமிழ் நேர்மையான மொழி. ‘நான் காணவில்லை, கேட்டேன்’ என்பதை ‘ஆம்’ என்ற ஒரே ஈற்றால் அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஆனால் அடுத்த நாவுக்குப் போகும்போது அந்த ‘ஆம்’ உதிர்ந்துவிடுகிறது. ‘மட்டமாம்’ என்பது ‘மட்டம்’ ஆகிவிடுகிறது. ஒருவரின் பிழைப்பும் மானமும் அந்த ஓரெழுத்துத் தூரத்தில் அழிந்துபோகக் கூடும். அடுத்த முறை அந்த ‘ஆம்’ நம் நாவில் எழும்போது, ஒரு கணம் நின்று விசாரிப்போம். விசாரிக்க இயலாதாயின், மௌனம் காப்போம்.