பீலியும் அச்சும்

பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட் ஓரத்துத் தேநீர்க் கடையில் அடுப்பு மூட்டும் வேளையில், இரவுப்பணி முடிந்த இளைஞரும் யுவதிகளும், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி, கடைக்காரர் நீட்டும் டம்ளரை வாங்கவும் திராணியற்று வீட்டை நோக்கி நடப்பதைக் காண்போர்க்கு, 2024ஆம் வருஷம் தேசத்தையே கலக்கிய புனே சம்பவம் நினைவுக்கு வராமற் போகாது. எர்ன்ஸ்ட் அண்ட் யங் கணக்குத் தணிக்கைக் குழுமத்தில் மார்ச்சில் சேர்ந்த 26 வயதுப் பெண் ஜூலையில் இறந்தார். ஓயாத வேலையே மகளைக் கொண்டுபோயிற்று என்றும், ஈமச்சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை என்றும் அன்னை எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியாயிற்று. வேலைச்சுமை காரணமன்று என்றது நிறுவனம்.

அம்மாதமே சென்னையில் ஒரு கல்லூரியில் பேசிய மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், நெருக்கடியைத் தாங்கும் உள்வலிமையைப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஊட்டவேண்டும் என்றார். கண்டனம் எழவே, இறந்தவரைக் குறை கூறவில்லை என்று விளக்கமும் தந்தார். திடசித்தம் வேண்டுவதே; வள்ளுவரும் இடுக்கண் அழியாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தவர்தாம். ஆயினும் அது உழைப்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் புத்திமதி. வேலை வாங்குவோர் அதைக் கேடயமாகப் பிடிப்பது அதர்மம்.

மயிற்பீலியேயாயினும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதலில் உணர்த்தும் வள்ளுவர், அச்சின் சுபாவத்தைப் பழிக்கவில்லை. ஏற்றுபவன் கையையே பார்க்கிறார். கண்ணோட்டமும் வெருவந்த செய்யாமையும் ஆள்வோனுக்கே விதித்த தர்மங்கள். கவளமாக அளந்தூட்டினால் சிறுநிலத்து விளைச்சலும் யானைக்குப் பலநாள் வரும், யானையே வயலிற் புகுந்தால் தின்பதினும் மிதித்தழிப்பதே மிகுதி என்று பிசிராந்தையார் எடுத்துரைத்ததும் பாண்டியன் அறிவுடைநம்பிக்குத்தான். தேர்க்காலில் சிக்கிய கன்று ஏன் விலகிக்கொள்ளவில்லை என்று மனுநீதிச் சோழன் கேட்டதாக எந்தக் கதையும் இல்லை. தேரோட்டியவன் தன் புதல்வன் என்பதே அவனுக்குப் போதுமாயிருந்தது.

ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வரம்பு கட்டியது. 500 பேர் உழைக்குமிடத்தில் நலன் அதிகாரி ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்றது. அந்தச் சட்டம் எழுதியோர் தொழிலாளியின் மனவலிமையை நம்பி இதை விட்டுவிடவில்லை. கர்நாடகத்திலோ, புனேப் பெண் இறந்த அதே ஜூலையில், தகவல் தொழில்நுட்ப ஊழியரின் வேலைநாளை 14 மணி வரை நீட்டும் யோசனை எழுந்தது. ஊழியர் சங்கம் எதிர்த்து நின்றது. காக்ஸ் டவுனிலிருந்து ஒயிட்பீல்டு போய்வர நெரிசலில் மூன்று மணி என்று கொண்டால், அந்தக் கணக்கில் உண்ணவும் உறங்கவும் பெற்றோரிடம் இரண்டு வார்த்தை பேசவும் மிஞ்சுவது ஏழே மணி.