யார் வீட்டுக் கதை?

‘கதை எழுத ஆசை இருக்கு சார், கருதான் சிக்க மாட்டேங்குது’ என்று புலம்புகிறவரா நீங்கள்? இன்று சாயந்திரம் பக்கத்துத் தெரு மெடிக்கல் ஷாப்பில் போய்க் கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். ‘பத்து வேணாம்ப்பா, நாலு மட்டும் கத்தரிச்சுக் குடு’ என்று கேட்க ஒரு பெரியவர் வருவார். கண்டிப்பாக வருவார். டாக்டர் எழுதியது பத்து. இவர் கேட்பது நாலு. ஏன்? கையில் அவ்வளவுதான் காசா? வெள்ளிக்கிழமை மகன் பணம் போடுவானா? மாத்திரை அவருக்கா, வீட்டம்மாவுக்கா? இல்லை... அதற்கு மேல் தேவைப்படாது என்று அவருக்கே தெரியுமா?

வாங்காமல் விட்டாரே, அந்த ஆறு மாத்திரையில் இருக்கிறது உங்கள் கதை.

ஆக, கரு கிடைப்பது பெரிய விஷயமே இல்லை. பாங்க்கில் நகைக்கடன் கவுன்ட்டர், கல்யாண மண்டபத்தில் மொய் எழுதும் மேஜை, பிரசவ வார்டு வராந்தா என்று எங்கே நின்றாலும் கொட்டிக் கிடக்கிறது. சிக்கல் அதற்கு அப்புறம்தான். அந்தப் பெரியவர் உங்கள் மாடி வீட்டுக்காரராக இருந்தால்? கதை வெளியாகும் பத்திரிகையை வாராவாரம் வாங்குகிறவராக இருந்தால்?

நான் படித்தது பி.காம். (இலக்கியத்துக்கு வெகு தூரம்.) அங்கே முதல் மாதமே மண்டையில் ஏற்றிவிடுவார்கள்: வாங்குகிறவர் கணக்கில் பற்று, கொடுக்கிறவர் கணக்கில் வரவு. எழுதுகிறவர்கள் இந்த விஷயத்தில் மகா மோசம். ஊரெல்லாம் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். கொடுத்தவர் பேரில் ஒரு வரிகூட வரவு இருக்காது. கேட்டால், ‘பேரை மாத்திட்டேன், ஊரை மாத்திட்டேன், அப்புறம் என்ன?’ என்பார்கள்.

அது போதுமா?

ஆன்டன் செகாவ் வயசையே மாற்றிப் பார்த்தார். 1892ல் வந்த அவருடைய கதை, ஆங்கிலத்தில் ‘தி கிராஸ்ஹாப்பர்’. டாக்டர் ஒருவரின் மனைவி, பிரபலங்களின் பின்னால் ஓடுகிறாள். ஓர் ஓவியனோடு உறவு. வீட்டுக்குள்ளேயே இருந்த மனுஷனின் அருமை, அவர் செத்த பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. நிஜத்தில், செகாவின் உயிர் நண்பர் ஐசக் லெவிடன் ஓர் ஓவியர். அவருக்கு நெருக்கமாக இருந்த சோஃபியா குவ்ஷின்னிகோவா ஒரு டாக்டரின் மனைவி. அப்புறம் என்ன, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் புரிந்துபோனது. என் கதாநாயகிக்கு இருபது சொச்சம் வயசு, அந்தம்மா நாற்பதைத் தாண்டியவர், எப்படி அவராவார் என்று அலுத்துக்கொண்டார் செகாவ். யாரும் கேட்கவில்லை. லெவிடன் ஏறக்குறைய மூன்று வருஷம் அவரோடு பேசவில்லை.

டால்ஸ்டாயோ பேரைக்கூட மாற்றவில்லை. 1872 ஜனவரியில் அவருடைய பண்ணைக்குப் பக்கத்து ரயில் நிலையத்தில் அன்னா என்ற பெண் சரக்கு ரயில் முன்னால் விழுந்து செத்துப்போனாள். பக்கத்துப் பண்ணைக்காரரோடு வாழ்ந்து வந்தவள். அவர் வேறு ஒருத்தியைக் கல்யாணம் செய்யத் தயாராகிவிட்டார். டால்ஸ்டாய் நேரில் போய் உடலைப் பார்த்தார். அடுத்த வருஷம் ‘அன்னா கரீனினா’வைத் தொடங்கினார். ஆரம்ப வரைவுகளில் நாயகி அவ்வளவு நல்லவள் இல்லை. கணவன்தான் பாவம். திருத்தித் திருத்தி எழுத எழுத, அவளும் மெள்ள மெள்ள மனுஷியாகிவிட்டாள்.

செத்தவள் சண்டைக்கு வரமாட்டாள், டால்ஸ்டாய்க்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என்னிடமும் முழுசாகப் பதில் இல்லை. ஆனால், செகாவின் கதையைத் திரும்பப் படித்தால் ஒன்று உறுத்துகிறது. அதில் டாக்டர் மேல் அத்தனை கரிசனம் (செகாவும் டாக்டர்தானே!). அந்தப் பெண் மேல் துளிகூட இல்லை. பேனாவைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வலித்தது அதுவாகத்தான் இருக்கும். அடையாளம் தெரிந்ததுகூட அப்புறம்தான்.

நம்ம மெடிக்கல் ஷாப் பெரியவருக்கு வருவோம். ‘அப்பாவுக்கு மாத்திரை வாங்கித் தராத பாவி மகன்’ என்று நீங்கள் எழுதினால், மாடி வீட்டில் இரண்டு பேர் தலைகுனிய வேண்டியிருக்கும். கதையும் சப்பென்றுதான் இருக்கும். அதற்குப் பதிலாக அந்த மகனாகவே அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மாசக் கடைசி. ஸ்கூல் ஃபீஸ். போனில் அப்பா, ‘எனக்கென்னப்பா, நல்லா இருக்கேன்’ என்கிறார். நம்புவதுதான் வசதி என்று அவனும் நம்பிவிடுகிறான். இப்போது அவன் யார் வீட்டுப் பையன்? மாடி வீட்டுப் பையனா, நீங்களா?

இப்படி எழுதினால் யாருக்கும் வலிக்காது என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

1895 ஜனவரியில் ஒரு தோழி லெவிடனைக் கையோடு செகாவ் வீட்டுக்கு அழைத்துப் போனார். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டு வேறு ஏதேதோ பேசினார்களாம். பிற்பாடு யால்டாவில் செகாவ் வீட்டுக் கணப்படுப்புக்கு மேலே ஒரு நிலாக் காட்சியை வரைந்து கொடுத்தார் லெவிடன். குவ்ஷின்னிகோவா மட்டும் கடைசி வரை சமாதானமாகவில்லை. எனக்கென்னவோ, அந்தம்மா பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதையும் மறைக்க முடியவில்லை.