வயல் விற்ற பணம்

மேற்படிப்பைப் பற்றி யோசனை கேட்க வருகிறவர்களுக்கு என்னைப் போன்ற கதாசிரியன் ஏற்ற மனிதன் அல்லன். எந்தப் படிப்புக்கு எந்த உத்தியோகம் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஆனாலும், எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை நம் மக்களை விட்டு இன்னும் போகவில்லை. அந்த நம்பிக்கையில்தான் சென்ற வைகாசி மாதத்து மாலை ஒன்றில், இராஜாக்கமங்கலத்திலுள்ள என் வீட்டுக்குப் பழைய நண்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார்.

நண்பர் விவசாயி. அப்படிச் சொல்லுவதைவிட, விவசாயியாக இருந்தவர் என்று சொல்லுவதே பொருந்தும். கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக இரண்டு போகம் விளைந்த வயல் அவருக்கு இருந்தது. இப்போது நாகர்கோவிலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். மகள் அந்த ஆண்டுதான் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருந்தாள்.

"அண்ணாச்சி, நீங்களே இவளுக்குச் சொல்லுங்க. என்ஜினீயருக்குப் படின்னா மாட்டேங்கிறா. சுற்றுச்சூழல் படிக்கணுமாம். காடும் கடலும் நல்லா இருக்கணும்னு எல்லாருந்தான் ஆசைப்படறோம். அதுக்கு ஒரு பட்டம் வேணுமா?" என்றார் நண்பர்.

அந்தப் பெண் பேசவில்லை. கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். நான்கு ஆண்டுப் படிப்பை அவளே திட்டம் போட்டு வைத்திருந்தாள். முதலில் உயிரினங்களும் மண்ணும் நீரும். பிறகு புள்ளிவிவரக் கணக்கும் பொருளாதாரமும். கடைசியில் சட்டமும் அரசாங்கக் கொள்கையும். எந்தப் பல்கலைக்கழகத்தில் எது கிடைக்கும், கட்டணம் எவ்வளவு, விடுதிச் செலவு எவ்வளவு என்றெல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு தொகையை எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டு, எதிரே ஒரு கேள்விக்குறி இட்டிருந்தாள். அது என்ன தொகை என்று அப்போது நான் கேட்கவில்லை.

நண்பருடைய கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான். அன்பு செலுத்துவதற்குப் பட்டம் எதற்கு? பெற்ற தாய்க்குப் பணிவிடை செய்ய எந்தக் கல்லூரியில் சேர வேண்டும்? நம் முன்னோர்கள் குளம் வெட்டினார்கள், கரை கட்டினார்கள், மறுகால் வைத்தார்கள். அவர்கள் எந்தப் பட்டமும் பெற்றவர்கள் அல்லர்.

ஆனால் தாய்க்கு நோய் வந்தால் அன்பு மட்டும் போதுவதில்லையே! அப்போது வைத்தியம் படித்தவனைத்தான் தேடி ஓடுகிறோம். படிக்காத அன்பு சில சமயங்களில் கெடுதலும் செய்துவிடும். இதற்குச் சான்று தேடி நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் கடற்கரையே போதும். கடல் அரித்துக்கொண்டு வருகிற ஊர்களில் தூண்டில் வளைவு கட்டச் சொல்லிப் போராடுகிறார்கள். வீட்டு வாசலில் அலை வந்து அடிக்கும்போது வேறு என்ன கேட்பார்கள்? கற்களைக் கொட்டிக் கடலுக்குள் கை நீட்டினாற்போல் ஒரு சுவர் கட்டுகிறார்கள். கரையோரமாக ஓடுகிற நீரோட்டம் சுமந்து வரும் மணல் அந்தக் கையின் ஒரு பக்கத்தில் தேங்குகிறது. அந்த ஊர் பிழைக்கிறது. ஆனால் மறுபக்கத்துக்குப் போயிருக்க வேண்டிய மணலும் அதுதான். அது வராமற்போகவே அடுத்த ஊர்க் கரை அரிக்கிறது. பிறகு அங்கே ஒரு சுவர். அதற்கும் அப்பால் இன்னொரு சுவர். யாரும் கெட்டவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தம் ஊரை நேசித்தவர்கள்தாம். முழுக் கரையையும் ஒரே உடம்பாகப் பார்க்கத் தெரிந்த கண் ஒன்று இல்லாமற்போனதுதான் குறை. அந்தக் கண்ணைக் கொடுப்பதற்குத்தான் ஒரு படிப்பு வேண்டும்.

இதை நான் சொன்னதும் நண்பர் தலையை ஆட்டினார். ஆனால், "சரி, அதைப் படிச்சா வேலை யார் கொடுப்பா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "வாருங்கள், கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்" என்று எழுந்தேன். பதில் தெரியாதபோது நான் செய்கிற வழக்கம் அது.

துறைப் பக்கம் நடந்தோம். எங்கள் ஊரில் கடலைப் பற்றி ஆராய்வதற்கென்றே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல்சார் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சு வந்ததும் நண்பருக்குச் சற்றுத் தைரியம் பிறந்தது. "அப்போ இது உருப்படியான படிப்புதான் போலிருக்கு" என்றார். கண்ணுக்குத் தெரிகிற கட்டடத்துக்கு அவ்வளவு மதிப்பு!

பாதி வழியில் ஒரு செம்மண் மேடு வந்தது. கல் நட்டு, கயிறு கட்டி, மனைகளாகப் பிரித்திருந்தார்கள். நண்பர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தார். அவர் மகள் நின்றுவிட்டாள்.

"பெரியப்பா, இது எங்க வயல். நோட்டிலே வட்டம் போட்டு வெச்சிருக்கிறது இதை வித்த பணம். வயலை நிரத்தி வித்த பணத்திலே சுற்றுச்சூழல் படிக்கலாமா?" என்று கேட்டாள்.

அவள் தகப்பனாருக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் கேட்டாள். எனக்கோ காதில் அறைந்தாற்போல் இருந்தது. இந்தப் பெண் யோசனை கேட்க வந்தது கல்லூரியைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரே பிள்ளையாக இருந்தாலும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம். "மக்களே, பணத்துக்கு நிறம் ஏது? நல்ல காரியத்துக்குச் செலவழித்தால் அது நல்ல பணம்தான்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்திருந்தது.

நேயர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருக்கிற வீடும் ஒரு காலத்தில் வயலாக இருந்த இடத்தில் கட்டியதுதான். கதை எழுதிச் சேர்த்த பணத்தில் மனை வாங்கியபோது, அது எப்படி மனையாயிற்று என்று நான் கேட்கவில்லை. 2021 நவம்பரில் குமரி மாவட்டம் முழுவதும் மழை கொட்டியபோது என் முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. 'வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டது' என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீரிடம் கேட்டிருந்தால், 'என் வீட்டுக்குள் நீதான் வந்துவிட்டாய்' என்று சொல்லியிருக்கும். வயல் என்பது நெல் விளைகிற இடம் மட்டும் அல்ல. மழையைத் தாங்கி நிறுத்தி, மெல்ல மண்ணுக்குள் இறக்கி, கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறாமல் தடுக்கிற ஏனமும் அதுதான்.

அப்படியானால் நண்பர் குற்றவாளியா? அவர் வயலை நிரத்தியது பேராசையால் அல்ல. 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து கால்வாயும் குளமும் மாறி மாறிக் கைகொடுத்து அழைத்து வருகிற தண்ணீர், கடைமடைக்கு வந்து சேருவதற்குள் களைத்துவிடுகிறது. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் இல்லை. நெல் விற்ற பணம் உழவு கூலிக்குப் போதவில்லை. பக்கத்து வயல்காரர்கள் ஒவ்வொருவராக மண் அடித்துவிட்டார்கள். நாலு பக்கமும் மேடான பிறகு நடுவில் ஒரு வயல் எப்படி வயலாக இருக்கும்? மூத்த மகளின் கல்யாணக் கடன் வேறு. கடைசியாக விற்றவரும் அவர்தான்; குறைவாக விலை பெற்றவரும் அவர்தான்.

சட்டம் என்ன செய்தது? 1956 நவம்பர் முதல் தேதிவரை நாங்களும் திருவிதாங்கூரோடு இருந்த மண்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2008-ல் நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் காக்க ஒரு சட்டமே செய்தார்கள். இந்தப் பக்கம், 2016 செப்டம்பரில் அனுமதி பெறாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டே, முன்பு விற்றுத் தீர்ந்தவற்றை முறைப்படுத்த விதிகள் வந்துவிட்டன. ஏற்கெனவே வீடு கட்டிக் குடியேறிய ஏழைகளை என்ன செய்வது என்ற கேள்வியும் பொய்யான கேள்வி அல்ல. கொள்கை என்பது இதுதான்: இரண்டு நியாயங்களுக்கு நடுவே ஒரு முடிவு எடுப்பது. அந்த முடிவை எடுக்கிற மேசையில் தவளைக்கும் நாரைக்கும் நாற்காலி இல்லை. இனிமேல் பிறக்கப் போகிற குழந்தைக்கும் இல்லை. அவர்களுக்காகப் பேசத் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டாமா?

எல்லாக் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழல் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. நாளடைவில் பல்கலைக்கழக மானியக் குழு ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தது. இலட்சக்கணக்கான பிள்ளைகள் அதில் தேர்வு எழுதித் தேறியிருக்கிறார்கள். 'நீர்நிலைகளைக் காக்கும் வழிகள் ஐந்து எழுதுக' என்றால் ஏழு எழுதுவார்கள். அவர்களில் எத்தனை பேருடைய வீட்டுக்கு அடியில் ஒரு குளமோ வயலோ கிடக்கிறது என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நானும் தோற்றிருப்பேன்.

இங்கேதான் அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை இருப்பதாக எனக்குப் பட்டது. அந்தப் பணத்தில் படிக்கக் கூடாது என்று அவள் ஒதுங்கிக்கொண்டால் என்ன ஆகும்? செம்மண்ணை அள்ளிவிட்டு யாரும் நாற்று நடப் போவதில்லை. அவள் கை மட்டும் சுத்தமாக இருக்கும். தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது ஒருவகைச் சுயநலம்தான். சரி, மனம் உறுத்தாமல் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டால்? அப்போது அவள் பெறப்போகிற பட்டம், கதர் உடுத்திக்கொண்டு கள்ளக் கணக்கு எழுதுகிறவனுடைய உடையைப் போல ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைக் கடன் என்று வைத்துக்கொள்வது. குற்ற உணர்ச்சி மனிதனை முடக்கிப் போடுகிறது. கடன் உணர்ச்சி அவனை வேலைக்குப் போகச் சொல்லுகிறது.

கடனைத் தீர்க்க ஒரே வழிதான் என்பதும் இல்லை. அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் அரசாங்கத்து மீன்வள இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். கடலைப் பற்றி எழுதியவர். பூச்சிமருந்துகளின் கேட்டைப் பற்றி 1962-ல் அவர் எழுதிய 'மௌன வசந்தம்' என்ற நூல் ஒரு நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியது. பத்து ஆண்டுகளில் அங்கே வயல்களில் டி.டி.டி. தெளிப்பது தடை செய்யப்பட்டது. நம்மவரான மா. கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-ல் மறையும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரே பத்திரிகையில் பறவைகளையும் விலங்குகளையும் மரங்களையும் பற்றி எழுதிவந்தார். ஒருவர் ஒரு சட்டத்துக்கு வழி திறந்தார். மற்றவர் ஆயிரக்கணக்கான வாசகர்களுக்குக் கண் திறந்தார். இருவரும், தாம் எதைப் பார்த்தார்களோ அதைப் பற்றிப் பேசினார்கள்.

ஆகவே நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்:

"படி, மக்களே. இந்தப் பணத்திலேயே படி. ஆனால் கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு பாடத்தை இங்கேயே முடித்துவிட்டுப் போ. இந்த ஒரு வயலின் சரித்திரத்தை எழுது. தண்ணீர் எங்கிருந்து, எந்தக் குளம் வழியாக வந்தது, எந்த மடை எப்போது தூர்ந்தது, யார் முதலில் விற்றார்கள், எந்த விதி அதை அனுமதித்தது, உங்கள் அப்பாவுக்கு என்ன கிடைத்தது, எதை இழந்தார். சூழலியலும் கொள்கையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பிறகு நீ டில்லிக்குப் போனாலும் சரி, சீமைக்குப் போனாலும் சரி, ஊருக்குத் திரும்பி வந்துதான் ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எந்த மேசையில் உட்கார்ந்தாலும் இந்த வயலின் பெயரை மறக்காதே. அடுத்தவனை விட்டுக்கொடுக்கச் சொல்லுகிற ஒவ்வொரு முறையும், நீ எதை வாங்கிக்கொண்டாய் என்று உன்னை நீயே கேட்டுக்கொள்."

"அந்தச் சரித்திரத்தை யார்கிட்டே கேட்டு எழுதறது, பெரியப்பா?" என்றாள்.

நான் முன்னால் போய்க்கொண்டிருந்தவரைக் காட்டினேன். அவள் தயங்கினாள். வயலை விற்ற நாளிலிருந்து அந்த வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுத்ததில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பன்றிவாய்க்கால் கடலில் சேருகிற பொழிமுகத்தருகே மூவரும் மணலில் உட்கார்ந்தோம். அவள் நோட்டைத் திறந்துகொண்டு, "அப்பா, நம்ம வயலுக்கு எந்த மடைத் தண்ணி?" என்று கேட்டாள். நண்பர் வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ரெண்டு மடை. மேல மடை, கீழ மடை. கும்பப்பூவுக்குக் கீழ மடைதான். எழுதிக்கோ" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். பாதியில் அவருக்குத் தொண்டை கம்மிற்று. நிறுத்திவிட்டு மறுபடியும் சொன்னார். இருட்டி, எழுத்துத் தெரியாத வேளை வந்த பிறகுதான் எழுந்தோம். என் வீட்டு மனையின் சரித்திரத்தையும் நான் யாரிடமாவது கேட்டு எழுத வேண்டும். அன்றிரவு அப்படித்தான் தீர்மானம் செய்துகொண்டேன். அவள் தொடங்கிவிட்டாள், நான் இன்னும் தொடங்கவில்லை.