அந்த வலியை யார் வாசிக்கலாம்?

வலியை அனுபவிச்சவன்தான் அதைச் சொல்லணும் என்று ஒரு கட்சி. மனுசனாப் பொறந்த யாரும் சொல்லலாம் என்று இன்னொரு கட்சி. தலித் இலக்கியம் பற்றிய எந்தக் கூட்டத்திலும் இந்தச் சண்டை வராமல் இருக்காது. நான் முதல் கட்சி. வடாடா லியோ ஸ்மித்தைக் கேட்ட பிறகு அதில் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது.

ஸ்மித் கறுப்பர், ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர். 1941இல் மிசிசிப்பியின் லேலண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1955இல் அதே மிசிசிப்பி டெல்டாவில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்புப் பையனைக் கொன்று ஆற்றில் வீசினார்கள். வழக்கு நடந்தது, வெள்ளை ஜூரி கொலைகாரர்களை விடுதலை செய்தது. அடுத்த வருசம் அவன்களே ஒரு பத்திரிகைக்குக் காசு வாங்கிக்கொண்டு, 'நாங்கதான் கொன்னோம்' என்று சொன்னான்கள். டில் செத்தபோது ஸ்மித்துக்கு வயசு 13.

1963இல் சுட்டுக் கொல்லப்பட்ட மெட்கர் எவர்ஸுக்காக 1977இல் ஒரு இசைக்கோவை எழுதினார். அதில் தொடங்கி 34 வருசம் எழுதிச் சேர்த்ததுதான் 'டென் ஃப்ரீடம் சம்மர்ஸ்'. 2012இல் நாலு குறுந்தகடாக வந்தது. டில்லுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு.

இனிதான் என் சிக்கல். 2000இல் ஸ்மித் 'கோல்டன் குவார்ட்டெட்' என்ற நால்வர் குழுவை வைத்து முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது நாலு பேரும் கறுப்பர்கள். பிறகு ஆட்கள் மாறினார்கள். 2008இல் வந்த 'தப்லீக்' ஆல்பத்தில் புதுக் குழு. பாஸில் ஜான் லிண்ட்பெர்க், வெள்ளைக்காரர். பியானோவில் விஜய் ஐயர், அமெரிக்கா போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. (பெயரைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. மறைப்பானேன்?) 'டென் ஃப்ரீடம் சம்மர்ஸ்' பதிவில் பியானோவுக்குப் பழைய அந்தோனி டேவிஸ் திரும்பினார். ஆனால் லிண்ட்பெர்க் இருந்தார். டிரம்ஸ் வாசித்த இருவரில் ஒருவர் சூசி இபாரா, ஃபிலிப்பினோ வம்சாவளிப் பெண். கறுப்பு ஜனங்களின் சாவை வாசிக்க இவங்க யாரு?

கூப்பிட்டவர் ஸ்மித். எழுதியவர் அவர். அட்டையில் முன்னால் நிற்பது அவர் பெயர். வாசிக்க வருகிறவருக்கு அவர் ஒரு வேலையும் வைத்திருக்கிறார். 'அங்க்ரஸ்மேஷன்' என்று அவரே உண்டாக்கிய குறியீட்டு முறை ஒன்று இருக்கிறது. எல்லா இசையையும் அதில் எழுதுவதில்லை. எழுதும்போது தாளில் நிறங்களும் வடிவங்களும் இருக்கும். சிவப்பு என்றால் ரத்தமா, பழமா? வாசிப்பவரே தேடிப் படித்து, முடிவெடுத்து வரணும். கை சாமர்த்தியம் மட்டும் அங்கே செல்லாது.

நம்மிடம் வருகிறவர்கள் இந்த வேலையைச் செய்துவிட்டா வருகிறார்கள்? பலரும் பாஸுக்குப் பின்னால் நிற்கச் சம்மதிப்பதில்லை. எடுத்த எடுப்பில் ட்ரம்பெட்டையே கேட்கிறார்கள். அப்புறம் நம்மையே டிரம்ஸ் அடிக்கச் சொல்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் உறுத்தல் போகவில்லை. டில் பகுதியைப் போட்டால் அந்த 13 வயசுப் பையனின் பயம் எனக்கு ட்ரம்பெட்டில்தான் கேட்கிறது. மற்ற வாத்தியங்களில் இல்லையா, இல்லை வாசிப்பவர் யாரென்று தெரிந்ததால் என் காது அடைத்துக்கொள்கிறதா? நேற்று ராத்திரியும் போட்டுக் கேட்டேன், தெரியவில்லை.