கஞ்சா, சட்டம், நம் ஓட்டு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



"வெளிநாட்டில் கஞ்சாவை அனுமதித்துவிட்டார்களே ஹஜ்ரத், இங்கே மட்டும் ஏன் தடை?" நம் வாலிபர்கள் இப்படிக் கேட்கிறார்கள். கேள்வியைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

தாய்லாந்தில் 2019 தேர்தலில் பூம்ஜாய்தாய் என்ற கட்சி கஞ்சாவையே வாக்குறுதியாக வைத்து ஓட்டுக் கேட்டது. 2022 ஜூனில் தடை நீங்கியது. 2025 ஜூனில் அக்கட்சி கூட்டணியை விட்டு வெளியேறியது. சில நாட்களிலேயே, மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கூட்டணிக் கணக்கு மாறும்போது சட்டமும் மாறுகிறது. ஹலால் ஹராம் அப்படி மாறுமா?

நம் நாட்டுச் செய்தி ஒன்று. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது. 27-க்கு 25 வாக்கு. நீக்கலாம் என்று வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் ஊர் மேடைகளில் எந்தக் கட்சியாவது இதைப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

"மருந்தாகப் பயன்படுகிறதே" என்பார்கள். மதுவில் சில பயன்கள் இருப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 219வது வசனம் மறுக்கவில்லை. பாவம் அதைவிடப் பெரியது என்கிறது. இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் காலத்திலேயே கஞ்சா புழக்கத்தில் இருந்தது. அவர்கள் அதை ஹராம் என்றே தீர்ப்பளித்தார்கள். மருத்துவர் நோயாளிக்குக் கொடுப்பது தனி மஸ்அலா.

ஆனால் ஹராம் என்பதால், மாட்டிய பையனை எல்லாம் ஜெயிலில் தள்ளு என்று அர்த்தமில்லை. 1985-ம் ஆண்டுச் சட்டமே வித்தியாசம் பார்க்கிறது. ஒரு கிலோ வரை சிறு அளவு, அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வியாபார அளவு, குறைந்தது பத்தாண்டு. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவன் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் சிறு அளவு வழக்கிலிருந்து அவனுக்குப் பாதுகாப்புத் தருகிறது. இது தெரியாமல்தான் பெற்றோர் மானத்துக்குப் பயந்து மூடி மறைக்கிறார்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய நம் தறிக்காரர் ஊரில், இரவு ஷிஃப்ட் முடிந்து மகன் எங்கே போகிறான் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

இனி ஓட்டு. உலமாக்கள் பலர் ஓட்டை ஷஹாதத், அதாவது சாட்சியம் என்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் முதல் கட்ட வாக்குப்பதிவுக்கு முன்பே 4,650 கோடி ரூபாய் மதிப்புள்ள பணமும் பொருளும் பிடிபட்டதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. அதில் 45 சதவீதம் போதைப்பொருள்! லஞ்சம் கொடுப்பவனையும் வாங்குபவனையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். கவரை வாங்கிக்கொண்டு, "கஞ்சாவை ஏன் ஒழிக்கவில்லை?" என்று எந்த வாயால் கேட்பது?

வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் தெருவிளக்கு, சாக்கடை கேளுங்கள், தேவைதான். கூடவே கேளுங்கள்: விற்பவனைப் பிடிக்க என்ன செய்வீர்கள்? அடிமையான பையனுக்குச் சிகிச்சை தர, அவன் தாய் எத்தனை பஸ் மாற வேண்டும்? எந்தக் கட்சி என்று நான் மிம்பரில் சொல்லமாட்டேன்.

பிள்ளைகள் விஷயத்தில் கவலையோடு இருப்பவர்கள் அஸருக்குப் பிறகு என்னைத் தனியாகச் சந்திக்கலாம். பேசுவது வெளியே போகாது, இன்ஷா அல்லாஹ்.