துருவும் முத்திரையும்

பழம்பொருளைப் போற்றுதல் வேறு, புதுப்பித்தல் வேறு. கிள்ளானில் நண்பர் ஒருவர், பாட்டனார் வழிவந்த தீக்கல் கைத்துப்பாக்கியைக் காட்டி, “இதனைப் புதுப்பிக்கலாமா?” என வினவினார். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் உண்டு. ஆதலின் அவரை உறுத்தியது சட்டமன்று, மனமே.

துருவினடியில் முடியேந்திய சிங்கம் மங்கலாகத் தெரிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1808 முதல் தன் படைக்கலங்களில் பொறித்த முத்திரை அது. உப்புத்தாளால் தேய்த்தால் இரும்பு ஒளிரும், முத்திரை மறையும். நம் முன்னோரின் ஊர்களை அடக்கியாண்ட அதிகாரத்தின் கையொப்பத்தை நாமே அழிப்பது விடுதலையா, மறதியா? மறதியென்றே நான் கருதுகிறேன்.

“துரு பரவாதிருக்க எண்ணெய் தடவுங்கள்; அவ்வளவே போதும்” என்றேன்.

“விசைவில்லையாவது மாற்றலாமே? மீண்டும் சுடுமே!” என்றார் நண்பர்.

அதற்குள் அவருடைய பேரன் அதனைக் கையிலெடுத்து, சன்னல்வழியே தெருவில் போவோரைக் குறிபார்த்துக் கொண்டிருந்தான்.